பாட்டு வந்துவிடும், குறிப்பு வராது

ஒரு மிக்ஸிங் மென்பொருளை விட்டு இன்னொன்றுக்குப் போகிற டிஜேவின் பாட்டுகளுக்கு எந்தச் சேதமும் வருவதில்லை. எம்பி3, வேவ், ஃபிளாக் எதுவானாலும் புது மென்பொருள் திறக்கும், ஓட்டும். தொலைவது பாட்டைப் பற்றி அவர் குறித்துவைத்தவைதான். பல்லவி விழுகிற இடத்தில் வைத்த ஹாட் கியூ, அலைவடிவத்தின் மேல் கோடு கோடாகப் படிந்த பீட் கிரிட், நான்கு பீட் சுழலும்படி வெட்டிய லூப், கல்யாண வரவேற்புக்கு ஒன்றும் கல்லூரி விழாவுக்கு ஒன்றுமாகக் கட்டிய பிளேலிஸ்ட், போட்ட நட்சத்திரம், பூசிய நிறம், ‘இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வெளியேறு’ என்பது மாதிரியான கமென்ட். பாட்டுக்கு இரண்டு நிமிடம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், 5,000 பாட்டு வைத்திருப்பவருக்கு இது 160 மணி நேரத்துக்கு மேற்பட்ட உழைப்பு. மாறிய மறுநாள் அதில் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் கேள்வி. ‘ஃபார்மட் வேறு, அதனால் வரவில்லை’ என்று பதில் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அந்தப் பதிலில் உண்மை கொஞ்சம்தான். இசையின் இயல்பினால் தவிர்க்க முடியாத இழப்பு என்று ஒரு சிறு பங்கு உண்டு. எண்ணும் முறையில் வரும் பிசகு என்று இன்னொரு பங்கு உண்டு. மீதி எல்லாம், குறிப்பை எங்கே வைப்பது, யார் படிக்க விடுவது என்று நிறுவனங்கள் எடுத்த முடிவுகளின் விளைவு. மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் எதற்காகக் கேட்க வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது தெரியும்.

முதலில் குறிப்புகள் இருக்குமிடம். வினைல் காலத்து ஸ்கிராட்ச் கலைஞர்கள் ரெக்கார்டின் மேலேயே சிறு ஸ்டிக்கரை ஒட்டி இடத்தை அடையாளம் வைத்தார்கள். எந்த டர்ன்டேபிளில் வைத்தாலும் அந்த அடையாளம் கூடவே வந்தது. நியூசிலாந்தின் செராட்டோ இன்றும் ஏறக்குறைய அதையே செய்கிறது. கியூ, லூப், பீட் கிரிட் மூன்றையும் பாட்டுக் கோப்பின் டேகுக்குள்ளேயே எழுதிவிடும். கோப்பை வேறு கணினிக்கு எடுத்துப்போனால், அங்கேயும் செராட்டோ இருந்தால், குறிப்பும் போய்ச் சேரும். பிளேலிஸ்ட்டுக்கு நிகரான ‘கிரேட்’ மட்டும் தனி ஃபோல்டரில் தங்கும். பெர்லினின் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெளியிடும் டிராக்டர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் தொகுக்கிறது. டேகிலும் ஒரு பிரதி எழுதும், ஆனால் அது மற்ற மென்பொருள்களுக்காக எழுதப்பட்டதல்ல. வெர்ச்சுவல்டிஜேவும் எக்ஸ்எம்எல்தான். டெனான் கருவிகளுக்கான எஞ்சின் டிஜேவும், கட்டற்ற மென்பொருளான மிக்ஸும் எஸ்க்யூலைட் என்ற பொதுவான தரவுத்தள வடிவத்தைப் பயன்படுத்துகின்றன. ஆக, பெரும்பாலானவை கணினி தெரிந்த ஒருவர் திறந்து படிக்கக்கூடிய கோப்புகளே. படிக்க முடியாத ஃபார்மட் என்ற பேச்சு இங்கேயே பாதி ஆட்டம் கண்டுவிடுகிறது.

ரெகார்ட்பாக்ஸின் கதை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. பயனியர் நிறுவனம் 2009-ல் சிடிஜே-2000 பிளேயரோடு அதைக் கொண்டுவந்தபோது அது மிக்ஸிங் மென்பொருளே அல்ல. வீட்டில் உட்கார்ந்து பாட்டைத் தயார்செய்து பென்டிரைவில் ஏற்றுவதற்கான கருவி. மேடையில் கணினியே வேண்டாம், பென்டிரைவைச் செருகினால் போதும் என்ற ஏற்பாடு உலகெங்கும் கிளப்புகளில் நிலைபெற்றது. அந்தப் பென்டிரைவில் எழுதப்படும் தரவுத்தளத்தின் அமைப்பை நிறுவனம் வெளியிடவில்லை. வெளியிலிருந்த நிரலர்கள் பைட் பைட்டாகப் பார்த்து அவிழ்த்தார்கள். 2020-ல் வந்த ஆறாம் பதிப்பில் கணினியில் இருக்கும் தரவுத்தளமும் மறைகுறியாக்கத்தால் பூட்டப்பட்டது. எல்லாக் கணினிக்கும் சாவி ஒன்றே என்று நிரலர்கள் கண்டுபிடித்தார்கள். சாவியை எடுத்த வழி பிந்தைய ஒரு பதிப்பில் அடைபட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே நிறுவனம் பிளேலிஸ்ட், கியூ, கிரிட் எல்லாவற்றையும் எக்ஸ்எம்எல்லாக வெளியே எடுக்கும் வசதியையும் வைத்திருக்கிறது, அந்த எக்ஸ்எம்எல்லின் இலக்கணத்தை ஆவணமாக வெளியிட்டும் இருக்கிறது. டிஜே உலகுக்குப் பொதுமொழி என்று ஒன்று இருக்குமானால் இன்றைக்கு அது ரெகார்ட்பாக்ஸின் எக்ஸ்எம்எல்தான். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் பலவும் அதை நம்பியே ஓடுகின்றன. ஒரு கதவைப் பூட்டியவரே இன்னொரு கதவைத் திறந்துவைத்திருக்கிறார் என்றால், தடை தொழில்நுட்பத்தில் இல்லை.

இருந்தாலும் உண்மையான வேறுபாடு ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. தாளத்தை எப்படிப் பதிவுசெய்வது என்பதில் மென்பொருள்களுக்குள் கருத்து வேறுபாடே இருக்கிறது. டிராக்டர் நெடுங்காலம் பாட்டு முழுவதற்கும் ஒரே வேகம் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டிருந்தது. வளைந்துகொடுக்கும் கிரிட் 2024-ல் நான்காம் பதிப்போடுதான் வந்தது. செராட்டோ பாட்டின் நடுவே பல இடங்களில் நங்கூரம் போட்டு, அவற்றுக்கு நடுவில் உள்ள பீட்டுகளைச் சமமாகப் பங்கிடுகிறது. ரெகார்ட்பாக்ஸின் பகுப்பாய்வுக் கோப்பு ஒவ்வொரு பீட்டின் நேரத்தையும் தனித்தனியே எழுதிவைக்கிறது. கணினியில் பிறந்த ஹவுஸ், டெக்னோ பாட்டுக்கு மூன்றும் ஒன்றுதான். வாத்தியக்காரர்கள் கூடி உட்கார்ந்து வாசித்த பழைய டிஸ்கோ பாட்டுக்கும், அதே விதமாகப் பதிவான நம் பழைய திரைப்பாட்டுக்கும் அப்படியில்லை. சரணத்தில் தாளம் நூலிழை முந்தும், இடையிசை முடியும் இடத்தில் கொஞ்சம் பின்தங்கும். அதைப் பீட் பீட்டாகத் தொடர்ந்துசென்ற கிரிட்டை ஒரே வேகம் மட்டும் அறிந்த மென்பொருளுக்குக் கொண்டுபோனால் மிஞ்சுவது ஒரு சராசரி. எந்த மாற்றுக் கருவியாலும் இதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் போய்ச்சேரும் இடத்தில் அதற்கு இருக்கையே இல்லை. திஸ்ர நடையில் போகும் குத்துப்பாட்டு இன்னொரு வகைத் தொல்லை. மூன்றாகப் பிரியும் பீட்டின் மேல் அரை பீட் லூப் போட்டால் அடி பிசகும். ஒரே பாட்டை ஒரு மென்பொருள் 100 என்றும் இன்னொன்று 150 என்றும் எண்ணிவிடவும் வாய்ப்புண்டு. ஆனால் இது மாறுவதால் வரும் இழப்பல்ல. நான்கு நான்காக எண்ணும் பழக்கத்தில் வளர்ந்த எல்லா மென்பொருளுக்கும் உள்ள பொதுக்குறை.

அடுத்த பங்கு எண்ணும் முறையில் வரும் பிசகு. இதில் புகழ்பெற்றது 26 மில்லிசெகண்ட் சிக்கல். எம்பி3 கோப்பு ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக வெட்டி அடுக்கிவைக்கிறது. ஒரு நொடிக்கு 44,100 மாதிரி என்றால் ஒரு துண்டின் நீளம் 26.12 மில்லிசெகண்ட். பல எம்பி3களில் முதல் துண்டில் ஒலி இருக்காது. கோப்பை உருவாக்கிய நிரல் தன்னைப் பற்றிய தகவலை அதில் எழுதியிருக்கும். ஒரு மென்பொருள் அதைத் தகவல் என்று புரிந்து தாண்டிவிடும், இன்னொன்று அதையும் ஒலியாகவே எண்ணி ஒரு துண்டு மௌனத்தோடு பாட்டைத் தொடங்கும். பாட்டின் பூஜ்ஜிய நேரமே நகர்ந்துவிடுவதால் எல்லாக் கியூவும் எல்லாக் கிரிட்டும் ஒருசேர நகரும். 128 பிபிஎம் பாட்டில் ஒரு பீட் 469 மில்லிசெகண்ட். அதில் பதினெட்டில் ஒரு பங்கு சிறியதுதானே என்று தோன்றலாம். கிக்கின் மேல் கிக் விழ வேண்டிய இடத்தில் இந்தச் சிறியதே இரட்டைத் தட்டாகக் கேட்கும். இன்னும் கொடுமை, எல்லாப் பாட்டும் ஒரே அளவு நகர்ந்தால் அவை தமக்குள் பொருந்திக்கொள்ளும், நடப்பது அதுவல்ல. முதல் துண்டு அப்படி எழுதப்பட்ட பாட்டு மட்டும் நகரும், எழுதப்படாதது நகராது, வேவ் கோப்பில் இந்தப் பேச்சே கிடையாது. ஆகவே ஒரே எண்ணைக் கூட்டியோ கழித்தோ முழு நூலகத்தையும் திருத்த முடியாது. நல்ல மாற்றுக் கருவி ஒவ்வொரு கோப்பின் தலையையும் திறந்து பார்த்து முடிவெடுக்க வேண்டும். பூஜ்ஜியம் எங்கே என்று நாலு நிறுவனங்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசியிருந்தால் முளைத்தே இருக்காத சிக்கல் இது.

பிபிஎம்மின் தசமமும் இதே இனம். டிராக்டர் ஆறு தசம இடம் வரை எழுதுகிறது, ரெகார்ட்பாக்ஸின் எக்ஸ்எம்எல் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறது. இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால், 128 பிபிஎம் பாட்டில் ஐந்து நிமிடத்தின் முடிவில் வரும் அதிகபட்ச விலகல் 12 மில்லிசெகண்ட், பெரும்பாலும் காதுக்கு எட்டாது. ஒரே தசமத்துக்குச் சுருக்கினால் 117 மில்லிசெகண்ட். பாட்டின் கடைசியில் மிக்ஸ் செய்கிறவர் திண்டாடிப்போவார். பாட்டின் சுருதியைக் குறிக்கும் கீயோ, நட்சத்திரமோ இவ்வளவு பாடுபடுத்துவதில்லை. ஏ மைனரை ஒருவர் 8ஏ என்பார், டிராக்டர்காரர் 1எம் என்பார். இருபத்துநாலு வரி அட்டவணை ஒன்றில் தீர்ந்துவிடும்.

கியூவை மாற்றுவதில் சிக்கல் எண்ணிக்கையில் தொடங்குகிறது. சிடிஜே-2000 பிளேயரில் ஹாட் கியூ மூன்றுதான். 2016-ல் வந்த அதன் நெக்ஸஸ் 2 பதிப்பு அதை எட்டாக்கியது. அதற்கு வெளியே ரெகார்ட்பாக்ஸில் மெமரி கியூ என்று ஒரு வகை உண்டு, பட்டனில் உட்காராமல் பாட்டின் ஓரத்தில் வழிகாட்டியாக நிற்பது, பாட்டுக்குப் பத்து வரை. செராட்டோவில் ஹாட் கியூ எட்டு, லூப்புக்குத் தனிப் பட்டியல், மெமரி கியூ என்ற கருத்தே இல்லை. டிராக்டரில் லூப்பும் ஹாட் கியூவும் அதே எட்டு இடத்துக்குப் போட்டி போடும். பதினெட்டு குறிகளை எட்டில் அடைக்க வேண்டும் என்றால் யாரை விடுவது? கருவி தன் விதிப்படி முதல் எட்டை எடுத்துக்கொள்ளும். ஆனால் அனுபவமுள்ள டிஜேவுக்குப் பட்டனின் இடமே ஒரு மொழி. முதல் பட்டன் எப்போதும் முதல் அடி, நான்காவது எப்போதும் குரல், எட்டாவது எப்போதும் வெளியேறும் இடம் என்று விரல் பழகியிருக்கும். நேர வரிசைப்படி நிரப்பும் கருவி கியூவைக் காப்பாற்றிவிட்டு அந்த மொழியைக் கலைத்துவிடும். இந்த இழப்பில் பாதியையாவது தவிர்க்கலாம், மெமரி கியூவை விலக்கு, பட்டன் எண்ணை மாற்றாதே என்று பயனரைக் கேட்டுச் செய்கிற கருவி இருந்தால். லெக்சிகான் போன்ற கட்டணக் கருவிகள் இன்றைக்கு இப்படிப்பட்ட தேர்வுகளைப் பயனரிடம் விடுகின்றன.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்கு வரும் ஒரு விபத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மென்பொருள்கள் பாட்டை அடையாளம் காண்பது பெரும்பாலும் அது இருக்கும் பாதையைக் கொண்டு. ரெகார்ட்பாக்ஸின் எக்ஸ்எம்எல்லில் அந்தப் பாதை இணைய முகவரி போலச் சதவீதக் குறியிட்டு எழுதப்படும். தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் மூன்று பைட், ஆகவே ஒன்பது ஆங்கில எழுத்தாக விரியும். அது வெறும் நீளம்தான். உண்மையான வம்பு ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளில் இருக்கிறது. ‘கோலம்’ என்பதில் உள்ள ஓகாரத்தை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. மேக் கணினியின் பழைய கோப்பு முறை இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும், விண்டோஸ் தட்டச்சு செய்தபடியே வைத்துக்கொள்ளும். பைட்டை மட்டும் ஒப்பிடும் மென்பொருளுக்கு இரண்டும் வேறு வேறு கோப்பு. அதனால்தான் மேக்கிலிருந்து விண்டோஸுக்கு மாறியவருக்கு ‘கண்ணே’ என்று தொடங்கும் பாட்டு கிடைத்துவிடும், ‘மௌனம்’ என்று தொடங்கும் பாட்டின் பக்கத்தில் காணவில்லை என்ற குறி நிற்கும். ஒரே மென்பொருளை இரண்டு கணினியில் வைத்திருப்பவருக்கும் இது நேரலாம். யூனிகோடு ஆவணமே இரண்டையும் சமம் என்று சொல்லி, ஒப்பிடும் முன் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் விதியையும் தந்திருக்கிறது. அதைப் பின்பற்ற நிரலில் ஒரு வரி போதும்.

இப்படி அடுக்கிப் பார்த்தால் தவிர்க்கவே முடியாதது வளையும் கிரிட், மிஞ்சும் கியூ என்று இரண்டுதான். மற்றவையெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. இதற்கு வரும் முதல் மறுப்பு: மாற்றுக் கருவிகள்தான் இருக்கின்றனவே, பிறகு என்ன? இருக்கின்றன, நன்றாகவும் வேலை செய்கின்றன. ஆனால் அவை நிற்கும் தரையைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சிறு குழுக்களோ தனி நிரலர்களோ உருவாக்கியவை, பிறர் சொல்லாத அமைப்பை அவிழ்த்து அறிந்தவை. பெரிய நிறுவனம் ஒரு புதுப்பிப்பு விட்டால் மறுநாள் கருவி தடுமாறும். ரெகார்ட்பாக்ஸ் ஆறாம் பதிப்பின் பூட்டு அதற்குச் சாட்சி. சட்டத்தைப் பொறுத்தவரை இந்த அவிழ்ப்பு திருட்டு அல்ல. இரண்டு நிரல்கள் சேர்ந்து இயங்குவதற்காக ஒன்றின் உட்குறியை ஆராய்வதை ஐரோப்பாவின் 1991-ஆம் ஆண்டு மென்பொருள் நெறிமுறை குறிப்பிட்ட வரம்புகளுக்குள் அனுமதித்தது, 2009-ல் அது திருத்தித் தொகுக்கப்பட்டபோதும் அந்தப் பிரிவு நிலைத்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவிலும் 1999-ஆம் ஆண்டுத் திருத்தம் இதே நோக்கத்துக்கு ஒரு விலக்கைச் சேர்த்திருக்கிறது. ஆனால் சட்டம் தேடிக் கண்டுபிடிக்க விடுகிறதே தவிர, எடுத்துக் கொடு என்று யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. மென்பொருளாளர்கள் அல்லாத டிஜேக்களுக்கு அந்த அனுமதியால் நேரடிப் பயனும் இல்லை.

இன்னொரு மறுப்பு கணினியின் திறமையைக் காட்டி வருகிறது. பீட்டையும் கீயையும் புது மென்பொருளே நொடியில் கண்டுபிடித்துவிடும், பழையதைத் தூக்கிக்கொண்டு அலைவது ஏன் என்கிறார்கள். கிரிட்டைப் பொறுத்தவரை இதில் நியாயம் இருக்கிறது. இயந்திரத் தாளப் பாட்டுக்கு மறுபடி பகுப்பாய்வு செய்வதே மேல். 26 மில்லிசெகண்ட் சிக்கலும் எட்டிப்பார்க்காது. கியூவுக்கு இது பொருந்தாது. பாட்டில் குரல் தொடங்கும் இடத்தை இயந்திரம் காட்டிவிடும். அந்த இடத்துக்கு எட்டு பீட் முன்னால் உள்ளே வர வேண்டும் என்று ஒருவர் எடுத்த முடிவைக் காட்டாது. அது பாட்டில் இல்லை, அவரிடம் இருக்கிறது. மேலும் புதிதாகப் போட்ட கிரிட்டின் மேல் பழைய கியூவைக் கொண்டுவந்து வைப்பது இரண்டையும் பழையதாகவே விடுவதைவிட மோசம். பழைய கிரிட்டும் பழைய கியூவும் சேர்ந்தே நகர்ந்திருந்தால் தமக்குள் ஒத்திருக்கும். ஒன்றை மட்டும் புதுப்பித்தால் கியூ கிரிட்டிலிருந்து விலகி நிற்கும், அழுத்தியதும் தாளம் தப்பும்.

காதை நம்பி வாசிக்கிறவனுக்கு இந்தக் குறியெல்லாம் எதற்கு என்ற பழைய தலைமுறைக் குரலும் உண்டு. அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் அந்தத் தலைமுறைதான்.

வலுவான மறுப்பு நிறுவனங்களின் பக்கத்திலிருந்து வருவது. ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு எண்ணத்தில் பிறந்தது, பொது வடிவத்தைத் திணித்தால் புதுமை நின்றுபோகும், தரவுத்தளத்தைத் திறந்துவிட்டால் வெளி நிரல்கள் தொட்டுக் கெடுத்துவிட்டுப் பழி நம் மேல் விழும் என்கிறார்கள். இரண்டாவது அச்சம் நேர்மையானது. ஆனால் அதற்கு மருந்து படிக்க மட்டும் அனுமதிப்பது. எழுதுவதற்கு எக்ஸ்எம்எல் மாதிரி ஒரு நுழைவாசல் வைப்பது. முதல் வாதத்துக்கு இசைத்துறையின் வரலாறே எதிராக நிற்கிறது. 1983 ஜனவரியில் அமெரிக்காவின் ‘நாம்’ இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் நிறுவனத்தின் புராஃபெட்-600, ஜப்பானின் ரோலண்டு தயாரித்த ஜூபிட்டர்-6 என்ற இரண்டு போட்டிக் கருவிகள் ஒரு வயரில் இணைந்து பேசின. அதுதான் மிடியின் வெளியுலகப் பிரவேசம். 0 முதல் 127 வரை மட்டும் எண்ணத் தெரிந்த முரட்டு மொழி அது. நாற்பது ஆண்டுக்கு மேலாக எல்லாக் கருவியும் அதைப் பேசுகின்றன, சின்தசைசரில் புதுமை நின்றுபோகவுமில்லை. பாட்டு உருவாக்கும் மென்பொருள்களுக்காக பிட்விக்கும் பிரிசோனஸும் 2023-ல் ‘டாப்ராஜெக்ட்’ என்ற திறந்த வடிவத்தைக் கொண்டுவந்தன. ஒரு பாடலின் முழுப் பதிவுத் திட்டத்தை, அதன் அத்தனை சிடுக்குகளோடு, இரண்டு போட்டியாளர்கள் கைமாற்றிக்கொள்ள முடியும் என்றால், பாட்டுக்கு எட்டு கியூவும் ஒரு கிரிட்டும் கைமாறாது என்பதை யார் நம்புவது?

கைமாறாததற்குக் காரணம் வேறு. குறிப்புகள் கனமாக இருக்கும்வரை வாடிக்கையாளர் நகரமாட்டார், அவர் நகராதவரை அடுத்த கண்ட்ரோலரும் அதே இடத்தில்தான் வாங்குவார். இதைச் சதி என்று சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். எஞ்சின் டிஜே ரெகார்ட்பாக்ஸ், செராட்டோ, டிராக்டர் மூன்றின் நூலகத்தையும் உள்ளே எடுத்துக்கொள்ளும்; டெனான் பிளேயர்கள் ரெகார்ட்பாக்ஸ் பென்டிரைவையே படித்து மாற்றிக்கொள்ளும். மிக்ஸும் வெர்ச்சுவல்டிஜேவும் அப்படியே. சந்தையில் பின்னால் வருகிறவர் முன்னால் நிற்பவரின் கோப்பைப் படிக்கக் கற்றுக்கொள்கிறார். முன்னால் நிற்பவருக்கு அந்தப் படிப்பில் அவசரம் இருப்பதில்லை. பயனியரின் டிஜே பிரிவிலிருந்து வந்த ஆல்ஃபாதீட்டா, செராட்டோவை வாங்கப்போவதாக 2023-ல் அறிவித்தது. நியூசிலாந்தின் வணிக ஆணையம் 2024 ஜூலையில் அதற்கு அனுமதி மறுத்தது. டிஜே மென்பொருளில் போட்டி குறையும் என்பது அதன் கவலைகளில் ஒன்று. இரண்டு மென்பொருளும் ஒரே வீட்டுக்குப் போயிருந்தால் இரண்டுக்கும் நடுவே பாலம் வந்திருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. வந்திருக்கலாம்தான். மூன்றாவது வீட்டுக்குப் போகும் வழி அதனால் அகலப்பட்டிருக்கும் என்பதற்கு மட்டும் ஒரு காரணமும் இல்லை.

பிறர் தயவில் கட்டிய பாலம் எப்படி அறுபடும் என்பதற்கு ஆப்பிளின் ஐடியூன்ஸ் நல்ல உதாரணம். பிளேலிஸ்ட்டை அதில் கட்டி, அது எழுதும் எக்ஸ்எம்எல்லை எல்லா டிஜே மென்பொருளும் படிப்பது பல ஆண்டு வழக்கம். 2019-ல் மேக் இயங்குதளத்தின் கேட்டலினா பதிப்பு ஐடியூன்ஸைக் கலைத்துவிட்டு மியூசிக் செயலியைக் கொண்டுவந்தபோது, தானாக எழுதப்பட்டுவந்த அந்தக் கோப்பு நின்றது. கையால் எடுத்துக்கொடுக்கும் வழி மட்டும் மிஞ்சியது. ஆப்பிளுக்கு டிஜேக்கள் மேல் கோபம் எதுவுமில்லை, அவர்கள் நினைவிலேயே இல்லை, அவ்வளவுதான். ஸ்ட்ரீமிங் அதைவிட நிலையற்றது. ஸ்பாட்டிஃபை 2020 ஜூலை 1 முதல் வெளி டிஜே செயலிகளுக்கான இணைப்பைத் துண்டித்தபோது, அதை நம்பிக் கட்டிய பிளேலிஸ்ட் எல்லாம் ஒரே நாளில் ஊமையானது. கையில் கோப்பில்லாத பாட்டுக்கு மாற்றல் என்ற பேச்சே எழாது.

ஆகவே இன்றைக்கு மாறுகிற ஒருவருக்குச் சொல்லக்கூடியது, எது எல்லா இடத்திலும் படிக்கப்படுகிறதோ அதில் முதலில் எழுத வேண்டும் என்பதே. தலைப்பு, கலைஞர், கமென்ட் ஆகியவை கோப்பின் பொது டேகில் உட்காரும். எந்த மென்பொருளும் கமென்ட்டைத் தூக்கி எறிவதில்லை. நிறத்தையும் தனி லேபிளையும் நம்பி வகைப்படுத்தியவர், மாறுவதற்கு முன் அந்த வகையைக் கமென்ட்டில் ஒரு சொல்லாக இறக்கிவிட்டால் பாதி நூலகம் பத்திரம். நிபந்தனை வைத்துத் தானாக நிரம்பும் பிளேலிஸ்ட்டுகளுக்கு ரெகார்ட்பாக்ஸின் எக்ஸ்எம்எல்லில் இடமில்லை என்பதால், அவற்றைச் சாதாரண பிளேலிஸ்ட்டாக நகலெடுத்துவிட்டே கிளம்ப வேண்டும். டேகில் எழுதுவது கோப்பையே மாற்றுகிறது, பேக்கப் முழுவதும் மறுபடி ஏறும், எழுதும்போது மின்சாரம் போனால் பாட்டே கெடலாம் என்ற எச்சரிக்கை சரியானதுதான். நகல் ஒன்றைத் தனி டிஸ்க்கில் வைத்துவிட்டு எழுதினால் அந்த ஆபத்து கட்டுக்குள் வந்துவிடும். முழு நூலகத்தையும் மாற்றுவதற்கு முன் வெவ்வேறு இடத்தில் வாங்கிய எம்பி3 சில, வேவ் சில, ஓகாரப் பெயருள்ள தமிழ்ப் பாட்டு சில என்று எடுத்து ஓட்டிப் பார்த்தால் மேலே சொன்ன பிசகுகள் எல்லாம் அங்கேயே தலைகாட்டிவிடும். பழைய மென்பொருளை உடனே அழித்துவிடக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையிருக்காது.

நிறுவனங்களின் பக்கமிருந்தும் ஓர் அசைவு தெரிகிறது. பென்டிரைவின் பழைய தரவுத்தளத்துக்குப் பதிலாக ஆல்ஃபாதீட்டா ‘டிவைஸ் லைப்ரரி பிளஸ்’ என்ற புது வடிவத்தை ஓபஸ்-குவாட் போன்ற கருவிகளோடு 2023 முதல் கொண்டுவந்தது. 2025-ல் அதையே ‘ஒன்லைப்ரரி’ என்ற பெயரில் மற்ற நிறுவனங்களுக்கும் உரியதாக அறிவித்தது. டிராக்டரும், அல்கொரிதிம் நிறுவனத்தின் ‘டிஜே’ என்ற மென்பொருளும் முதல் கூட்டாளிகள். அந்த மென்பொருள்களில் தயார்செய்த பாட்டையும் கியூவையும் ரெகார்ட்பாக்ஸைத் தொடாமலே பென்டிரைவில் ஏற்றிப் பிளேயரில் செருகலாம் என்பது நோக்கம். இது சிறிய காரியமல்ல; போட்டியாளர்கள் சேரமாட்டார்கள் என்ற வாதம் இதோடு விழுந்துவிட்டது. ஆனால் பாதை போகும் திசையைக் கவனிக்க வேண்டும். மென்பொருளிலிருந்து பிளேயருக்குப் போக வழி கிடைத்திருக்கிறது. ஒரு மென்பொருளை விட்டு இன்னொன்றுக்கு வீடு மாற்றுகிறவருக்கு இதனால் எவ்வளவு பயன் என்பது, கூட்டாளிகள் அந்தப் பென்டிரைவை எழுதுவதோடு நிற்பார்களா, திரும்பப் படித்து முழு நூலகமாகவும் ஏற்பார்களா என்பதைப் பொறுத்தது. மிடியை எந்த ஒரு நிறுவனமும் சொந்தமாக வைத்துக்கொள்ளவில்லை; ஒன்லைப்ரரியோ பிளேயர் விற்கும் நிறுவனத்தின் வீட்டில் பிறந்தது. அறிவிப்பு வந்தபோது கூட்டாளிகள் பட்டியலில் செராட்டோவும் இல்லை, எஞ்சின் டிஜேவும் இல்லை.